காற்றில் நகர்ந்த இலை

சார், ஒரு சின்ன உதவி. நீங்கள் இந்த நடைபாதைப் பக்கம் வந்துவிடுகிறீர்களா? நான் ஜன்னலோரம் போய்க்கொள்கிறேன். வெயில் அடிக்கும், பரவாயில்லை, எனக்கு வெயில் பழக்கம். பத்தொன்பது வருடம் பஹ்ரைனில் இருந்தவன். அப்படியே இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தீர்களானால் ரொம்ப நல்லது. ஆமாம், அப்படித்தான். நன்றி.

பழையூரா, புதூரா? புதூர் என்றால் கடைசி வரைக்கும் போவீர்கள். நான் அதற்கு முன்னாலேயே, பதினெட்டு வளைவும் ஏறி முடித்ததும் ஒரு தோட்டத்துக் கேட் வரும், அங்கே இறங்குவேன். இறங்கினால்தான். டிக்கெட் எடுத்துவிட்டேனே தவிர இறங்குவேனா என்று இன்னும் தெரியவில்லை.

இவன் என்ன ஃபோனையே முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்காதீர்கள். செக்போஸ்ட் தாண்டி நாலைந்து வளைவு ஏறிவிட்டால் சிக்னல் போய்விடும். அதற்குள் ஒரு பதில் அனுப்பியாக வேண்டும். 'வருகிறேன்', இல்லாவிட்டால் 'வரவில்லை'. ஒரே ஒரு வார்த்தை. எட்டு நாளாக எழுதுகிறேன், அழிக்கிறேன்.

உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. பஸ்ஸில் சொன்னது பஸ்ஸோடு போகட்டும். கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், காதைக் கொடுங்கள்.

என் பெயர் அருமைநாயகம். வத்தலக்குண்டு சாலையில் எடைமேடை வைத்திருக்கிறேன். லாரி வந்து ஏறி நிற்கும், எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். மனைவி பவளம், அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. வயது எனக்கு நாற்பத்தெட்டு. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. மேலே பார்த்தால் சாதாரண ஆள். உள்ளே நான் செந்நாய்.

நீங்கள் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

வேடம் கட்டுவதில்லை, நாலு காலில் ஓடுவதில்லை, சாமியாடுவதில்லை. கண்ணாடியில் பார்த்தால் மனுசன்தான் தெரிகிறான், அது எனக்கும் தெரியும், புத்தி பேதலித்துப்போகவில்லை. ஆனால் ஏழு வயதிலிருந்து, பின்னால் யாராவது படாரென்று கதவைச் சாத்தினால் என் காது பின்பக்கமாக மடங்கும். இந்தக் காது இல்லை சார். இதற்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று இருக்கிறதே, அது. நமக்கு வேண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்து இருந்தால் வால் தளர்ந்து கிடக்கும், தனியாக இருந்தால் இறுகிப்போகும். வால் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இறுகுகிறதே, என்ன செய்யட்டும்? இங்கிலீஷில் இதற்குத் தீரியன் என்று ஒரு சொல் இருக்கிறது. நம் பக்கம் சொல் இல்லை. சொல் இல்லாததால் முப்பத்தாறு வயது வரைக்கும் உலகத்திலேயே இப்படி நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். செந்நாய் வேறு, நாய் வேறு. செந்நாய் குரைக்காது. சீழ்க்கை அடிக்கும். காட்டில் கூட்டம் கலைந்துபோனால் ஒவ்வொன்றும் நின்ற இடத்திலிருந்தே சீழ்க்கை அடித்து மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும். யார் வாசலிலும் போய் நிற்காது. யார் கையிலும் சோறு வாங்கித் தின்னாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பஹ்ரைனில் எங்கள் அறையில் ஆறு பேர். அதில் ஒரு புதுக்கோட்டைக்காரர் என்னிடம் அன்பாக இருப்பார். ஒருநாள் மனசு கேட்காமல் அவரிடம் சொன்னேன். முழுதாகக்கூடச் சொல்லவில்லை, பாதிதான். மறுநாள் காலையில் விழித்தால் தலையணைப் பக்கத்தில் ஒரு பிஸ்கட். அதற்கு மறுநாள் இன்னொன்று. "என்ன நாயகம், இன்னைக்கு வாலாட்டலையா?" என்பார்கள். "பார்த்துடா, கடிச்சிரப் போறான், ஊசி போட்டானோ என்னமோ." பதினான்கு மாதம் நடந்தது. நான் சொன்னது செந்நாய். அவர்கள் காதில் விழுந்தது நாய்.

அதெல்லாம் பழைய கதை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஊருக்குத் திரும்பி ஐந்து வருடம் ஆகிறது. பவளத்திடம் முதல் வருடமே சொல்லிவிட்டேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் காபியை வைத்துவிட்டு, "வெளில யாருக்காச்சும் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன். "பிள்ளைக்கு?" இல்லை என்றேன். "அப்பச் சரி. ஆறப் போகுது, குடிங்க" என்றாள். அவ்வளவுதான். இன்றைக்கு வரை அதைப் பற்றி மறுபடி கேட்டதில்லை. ஆனால் வாசலில் யாராவது பட்டாசு வெடிக்கிற சத்தம் கேட்டால், நான் கேட்காமலேயே எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவாள்.

மற்றவர்களை இணையத்தில்தான் பிடித்தேன். மூன்று பேர். நத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் தில்லைக்கரசி அக்கா, அவர் இருவாச்சிப் பறவை. மேலே எலுமிச்சையும் காபியும் போட்டிருக்கும் சூசைமாணிக்கம், காட்டுமாடு. ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கழுத்து அப்படி. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நிசாமுதீன், சின்ன வயசுக்காரர், மரநாய். மரநாய் என்ற பேரில் நாய் இருந்தாலும் அது நாய் இல்லை, தெரியும்தானே? மாதத்தில் ஒரு ஞாயிறு சூசையின் தோட்டத்தில் கூடுவோம். வீட்டில் மலையேற்றக் குழு என்று சொல்லிக்கொள்வோம்.

முதல் தடவை போனபோது என்னைச் சீழ்க்கை அடிக்கச் சொன்னார்கள். பேன்ட், சட்டை, பையில் மூக்குக் கண்ணாடி. அந்தக் கோலத்தில் நின்று அடித்தேன். பிறந்ததிலிருந்து இன்னொரு ஆள் முன்னால் அடித்ததே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. தில்லை அக்கா தலையைச் சாய்த்து, "இன்னொரு தடவை அடிங்க தம்பி, இந்தப் பக்கத்துக் காதுல சரியா விழல" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். அதற்கு முன்னால் அப்படித் தூங்கினது எப்போது என்று நினைவில்லை.

செக்போஸ்ட் வந்துவிட்டது. கொஞ்சம் அப்படியே மறைத்த மாதிரி உட்காருங்கள். திரும்பாதீர்கள்! பார்ப்பது தெரியக் கூடாது. இடது பக்கம், பெண்கள் சீட்டில், மூன்றாவது வரிசை. நீலத் துப்பட்டா. தெரிகிறதா? வெயில், ஜன்னல் எல்லாம் சும்மா சொன்னேன். திண்டுக்கல் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும்போது ஓடிவந்து ஏறினாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் விஷயமாகத்தான் இந்தப் பதிலே.

பெயர் முத்துப்பேச்சி. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயது இருக்கும். நிசாம்தான் இணையத்தில் பேசிப் பழகி, மாசி மாதக் கூட்டத்துக்குக் கூட்டிவந்தார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, நான் ஏற்படுத்தினது. புதிதாக வருகிறவர் தான் என்ன உயிர் என்று சொல்லக் கூடாது. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எங்களோடு சும்மா இருக்க வேண்டும். நடக்கலாம், உட்காரலாம், பேசலாம். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். பன்னிரண்டுக்கு ஒவ்வொருவரும் தனக்குப் பட்டதைச் சொல்வோம். அப்புறம்தான் அவர் சொல்வார். மோப்ப நேரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். எதற்கு இது? இணையத்தில் யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் சார். அங்கே தடுக்கி விழுந்தால் ஓநாய். நமக்கு ஒரு தரம் வேண்டாமா?

அன்றைக்குப் பேச்சி வந்தாள். உட்காரப் போன இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் கண்ணில் படுகிற மாதிரி ஓரமாக. எங்கேயாவது சத்தம் கேட்டால் சத்தம் வந்த பக்கம் பார்க்கவில்லை, முதலில் எங்களைத்தான் பார்த்தாள். நிசாம் மோட்டார் போடப் போனார். இவள் பாதிப் பேச்சில் எழுந்து நின்றுவிட்டாள். அவர் திரும்பி வந்த பிறகுதான் உட்கார்ந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூட்டத்தை எண்ணுகிறாள்! ஒன்று குறைந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான்.

பன்னிரண்டு ஆயிற்று. தில்லை அக்கா, "கூட்டமா வாழற உயிரு" என்றார். சூசை, "காவலுக்கு நிக்கிற சாதி" என்றார். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் தேடுகிறேன் சார், பிரேசில்காரன் வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டேன், உலகத்தில் இன்னொரு செந்நாய் அகப்படவில்லை. கடைசியில் வேடசந்தூரிலிருந்து, நாற்பது ரூபாய் டிக்கெட்டில் வந்து நிற்கிறது. "தங்கச்சி, நீ செந்நாய்" என்றேன். "நீ எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்."

அவள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். "அப்படின்னா என்னங்கண்ணே?"

சொன்னேன். காடு, சிவப்பு நிறம், கூட்டம், சீழ்க்கை எல்லாம் சொன்னேன்.

"இல்லைங்கண்ணே" என்றாள். "நான் நாயிங்க. சும்மா நாயி. எங்க மில்லு கேட்டுக்கிட்ட நாலஞ்சு படுத்திருக்கும், ஷிஃப்ட் விட்டு வந்தா எந்திரிச்சு ஒவ்வொருத்தரா மொகத்தப் பாக்கும். அந்த மாதிரி ஒண்ணு."

நிசாம் சிரித்துவிட்டார். "பாதி சரியாச் சொல்லிட்டீங்களே சார்!" என்றார். அந்தச் சிரிப்பை விடுங்கள். விளையாட்டுப் பிள்ளை.

நான் கையை எடுத்துக்கொண்டேன். "தெருநாயா?" என்றேன். "ஆமாண்ணே." "அது காட்டுயிரே இல்லையேம்மா. எச்சி இலை பொறுக்குறதாச்சே." கோபமாகச் சொல்லவில்லை சார், விலங்கியல்படி உள்ளதைச் சொன்னேன். அவளும் கோபப்படவில்லை. "ஆமாண்ணே, பொறுக்கும். பசிக்கும்ல" என்றாள்.

அப்புறம் சாப்பாடு. இங்கேதான் பிரச்சினை. நாங்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து இலை போடுவோம். இலைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் தரை தெரியக் கூடாது. அதுவும் என் ஏற்பாடுதான். செந்நாய்க் கூட்டம் இரையைச் சுற்றித் தோளோடு தோள் உரசி நின்றுதான் தின்னும், ஒன்றை ஒன்று விரட்டாது; குட்டிகளை முதலில் தின்னவிடும். அதைப் பார்த்து வைத்தது. அன்றைக்கு எனக்கு இடது பக்கம் பேச்சி. சோறு போட்டாயிற்று. சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் என் இலைக்கும் அவள் இலைக்கும் நடுவில் ஒரு இடைவெளி.

நான் நகர்த்தினேனாம்.

தில்லை அக்கா சொல்கிறார். சூசை சொல்கிறார். காற்று சார்! மலை மேலே காற்று அடிக்காதா? இலை விளிம்பு தூக்கியது, பறந்துவிடப் போகிறதே என்று கையை வைத்துப் பிடித்தேன். அந்த வேகத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒரு சாண் என்கிறார் அக்கா. யார் ஸ்கேல் வைத்து அளந்தது? சோறு போட்ட இலை எப்படிப் பறக்கும் என்று நிசாம் கேட்கிறார், இயற்பியல் இல்லையா. நான் அப்படிப்பட்டவனே இல்லை. எங்கள் எடைமேடையில் வேலை செய்கிறவனுக்கு நான் குடிக்கிற டம்ளரில்தான் டீ. வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள்.

பேச்சி அந்த இடைவெளியைப் பார்த்தாள். தன் இலையை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் வசதியாக உட்காரட்டும் என்று. அதையும் என் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இதில் ஆள் பிரச்சினை இல்லை, விதி இல்லாததுதான் பிரச்சினை. எனவே ஒரு விதி எழுதினேன். 'மனிதரை அண்டி வாழும் விலங்குகள் இக்குழுவின் நோக்கத்துக்குப் பொருந்தா.' கண்ணியமான வாசகம். பெயர் எதுவும் இல்லை பாருங்கள். பவளத்திடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு இரண்டு தடவை படித்தாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். பிழை ஒன்றும் இல்லை என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "உங்கள நான் வீட்டுக்குள்ள விட்டப்ப எந்த நாயின்னு கேட்டனா?" என்றாள். பாவம், அவளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. தமிழ் எடுத்துப் படித்தவள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்று பேரும் வேண்டாம் என்று எழுதினார்கள். அப்போது பேச்சி குரல்பதிவு ஒன்று அனுப்பினாள். பின்னால் மில் ஓடுகிற இரைச்சல். "அண்ணன் சொல்றதும் சரிதாங்க. எனக்காக உங்களுக்குள்ள எதுக்குங்க. நல்லா இருங்க எல்லாரும்." வெளியேறிவிட்டாள். பார்த்தீர்களா, அவளே ஒத்துக்கொண்டாள். ஐந்து பேரில் என் பக்கம் ஓட்டுப் போட்டது அவள் ஒருத்திதான்.

ஆனால் அதற்குப் பிறகு குழுவில் பேச்சே இல்லை. பங்குனியில் கூட்டம் கிடையாது. சித்திரையில் கிடையாது. காலை வணக்கம் போட்டால்கூட மூன்று பேரும் பார்த்ததாக நீலக் குறி விழும், பதில் வராது. முதுகு இறுகிப்போய்விட்டது. வலி மாத்திரை போட்டேன், மருத்துவர் கால்சியம் எழுதிக்கொடுத்தார். எங்கே வலிக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒருநாள் எடைமேடையில் யாரும் இல்லை என்று நினைத்துச் சீழ்க்கை அடித்தேன். சும்மா, ஒரு தடவை. லாரிக்குள்ளே இருந்த டிரைவர் ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்து வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டான்.

போன சனிக்கிழமை சூசையிடமிருந்து வந்தது. அவர் எழுதமாட்டார், எழுதினால் நாலு வரிதான். படித்துக் காட்டுகிறேன். 'ஞாயிறு பேச்சி வருகிறாள். நானே மில்லுக்குப் போய்க் கூப்பிட்டேன். நீங்களும் வாருங்கள். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் வேண்டாம். அவள் பக்கத்தில் இலையை ஒட்டிப் போட்டுச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், நாங்கள் நாலு பேராக இருந்துகொள்கிறோம்.'

என்ன பெரிய விஷயம், சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. சாப்பிடுவதில் எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. ஆனால் இன்றைக்கு ஒட்டிப் போட்டால், அன்றைக்கு நகர்த்தினேன் என்று ஆகிவிடும். புரிகிறதா சார்? செய்யாத ஒன்றை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். போகாவிட்டாலோ... போகாவிட்டால் என்ன, எடைமேடை இருக்கிறது, பவளம் இருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் இவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அப்போது உயிரோடு இல்லையா? இருந்தேன். இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எத்தனையாவது வளைவு இது? ஏழா? அட, சிக்னல் போய்விட்டதே. போய்விட்டது பாருங்கள், ஒரு கோடுகூட இல்லை. இனி எழுதியும் பிரயோசனம் இல்லை. ஒருவிதத்தில் நல்லதுதான். புதூர் வரைக்கும் உங்களோடு வந்துவிட்டு, இதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். அவள் இறங்கும்போது நீங்கள் மட்டும் கொஞ்சம் இப்படிச் சாய்ந்து

என்ன சத்தம் அது?

அவள்தான். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை போல. ஜன்னலைத் திறக்கப் பார்க்கிறாள், திறக்க வரவில்லை. ஐயோ, சீட்டிலேயே... பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்துவிட்டாள். "புடவையெல்லாம் போச்சுடி பாவி!" ஒரு தண்ணீர் பாட்டில் கொடுக்க ஆள் இல்லையா? பேச்சி காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டாள், முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். வேண்டாம் பேச்சி, இங்கே வேண்டாம், நிமிர்ந்து உட்கார். முனகுகிறாள். சார், அது வாந்தி எடுத்த முனகல் இல்லை. எனக்குத் தெரியும். பயத்தில் உள்ளே இருக்கிற விலங்கு மேலே வந்துவிடும். எனக்கும் ஒருதடவை பஹ்ரைனில் லிஃப்ட் நின்றுபோனபோது வந்தது. பல்லைக் கடித்து அடக்க வேண்டும், அடக்கினாலும் அடங்காது.

"என்னடி இது, நாயாட்டம் சுருண்டுக்கிட்டு மொனகுது?"

"பேயி கீயி புடிச்சிருக்கப் போகுது, தள்ளி வாங்கக்கா."

கேட்கிறதா உங்களுக்கு? கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் நிற்கிறது. எதற்கு நிறுத்துகிறார்? "ஏம்மா, முடியலைன்னா இறங்கிக்க. பின்னாடியே பன்னெண்டரைக்கு ஒரு வண்டி வரும்." இங்கேயா? எட்டாவது வளைவு சார் இது. ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. இந்த நிலைமையில் இருக்கிற பெண்ணை நடுக்காட்டில் இறக்கிவிடுவார்களா?

எல்லாரும் எழுந்து பின்னால் வருகிறார்கள் பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முன்னால் ஒரு ஆள் இல்லை. நடுவில் அவள் மட்டும். வாந்திதானே எடுத்தாள், என்ன கொலையா செய்தாள்? மனுசர்களா இவர்கள்? நான் நகர்த்தினது ஒரு சாண்தான் சார், இவர்கள் நாலு சீட் நகர்கிறார்களே!

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம். சொல்லிவிட்டேன். காற்று இல்லை. அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. இரண்டு விரலை வைத்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து இழுத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. தலையணைப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் இருக்கிற மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்க்கிறாள். என்னைப் பார்த்துவிட்டாள். நேராக என்னைத்தான்.

கண்டக்டர் கேட்கிறார், "கூட யாரும்மா வந்திருக்கா?" 

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். என்ன சொன்னாள்? உங்களுக்குக் கேட்டதா? எனக்குக் கேட்டது. "யாரும் இல்லைங்க, தனியாத்தான் வந்தேன்" என்கிறாள். பையை எடுத்து மடியில் வைக்கிறாள். இறங்கப் போகிறாள். என்னைப் பார்த்த பிறகு, யாரும் இல்லை என்று சொல்கிறாள்.

காலைக் கொஞ்சம் மடக்குங்கள் சார். வழி விடுங்கள். அது பெண்கள் சீட், நான் போய் உட்கார்ந்தால் கண்டக்டர் சத்தம் போடுவார், போடட்டும். இல்லை, பை கிடக்கட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறேன், தண்ணீர் பாட்டிலை மட்டும் கொடுங்கள்.

கண்டக்டர் அண்ணே! விசில் ஊதாதீங்க, நில்லுங்க. அந்தப் பிள்ளைய இறக்காதீங்க. அது எங்க ஆளு.